ஏழு ஸ்மார்ட் ஸ்டிக், ஒரு லைப்ரரி

போன மார்ச் மாதம் நம்ம பிளாக்கில் நடந்த புராஜெக்ட் எக்ஸ்போவுக்கு வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மொத்தம் ஏழு ஸ்டாலில் ஸ்மார்ட் ஸ்டிக். நானே எண்ணினேன். ஒரு பிவிசி பைப், நுனியில் அல்ட்ராசோனிக் சென்சார், நடுவில் ஆர்டுயினோ, ஒரு பஸ்ஸர், ஒன்பது வோல்ட் பேட்டரி. எதிரே ஏதாவது வந்தால் கத்தும். பின்னாடி சார்ட்டில் பெரிய எழுத்தில் 'பார்வையற்றோருக்கு ஒரு வரப்பிரசாதம்'. அதில் ஒன்று பரிசும் வாங்கியது.

அன்னைக்கு என் ரூம்மேட்டோட அண்ணன் வந்திருந்தார். எம்.ஏ. தமிழ், பி.எட். முடித்துவிட்டு டிஆர்பி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவரைப் பார்த்ததும் ஏழு ஸ்டால்காரர்களுக்கும் முகம் மலர்ந்துவிட்டது. வருஷா வருஷம் செய்கிற பொருளுக்கு முதல் முறையாக ஒரு நிஜ ஆள்! ஆளுக்கொரு பைப்பை அவர் கையில் திணித்தார்கள். அந்தக் கூட்டத்தில் பஸ்ஸர் நிறுத்தாமல் கத்தியது. அண்ணன் சிரித்துக்கொண்டே ஏழையும் வாங்கிப் பார்த்தார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்:

"தம்பி, மடக்குற வெள்ளைக்கோல் என்கிட்டயே இருக்கு. பஸ் ஸ்டாண்டுல இருந்து இங்க வரைக்கும் அதை வச்சுத்தான் வந்தேன், ஒண்ணும் குறை இல்ல. உங்க லைப்ரரி வெப்சைட் நீங்களே செஞ்சதுன்னு இவன் சொன்னான். அதுல தமிழ் இலக்கிய வரலாறு ஏதாச்சும் கிடைக்குமா?"

இருந்தது. நம்ம டிஜிட்டல் லைப்ரரி சைட்டைச் செய்தது நாங்கள் நாலு பேர்தான். செகண்ட் இயர் மினி புராஜெக்ட்டாக ஆரம்பித்தது. லைப்ரரியன் மேடத்துக்குப் பிடித்துப்போய் காலேஜ் சர்வரிலேயே ஏற்றிவிட்டார்கள். 'தமிழர் மரபு' பாடம் வந்த பிறகு தமிழ்ப் புத்தகங்களுக்கென்று தனிப் பகுதியும் சேர்த்தோம். "இருக்குண்ணா, வாங்க காட்டுறேன்" என்று பெருமையோடு லேபுக்குக் கூட்டிப்போனேன். அடுத்த நாற்பது நிமிஷத்தில் அந்தப் பெருமை என்ன ஆச்சு என்பதைத்தான் எழுத வந்தேன்.

அவர் தன்னோட லேப்டாப்பைத் திறந்தார். திரை வெளிச்சம் பூஜ்யம். பேட்டரி மிச்சமாகுமாம். உள்ளே ஓடுவது என்விடிஏ என்கிற ஸ்கிரீன் ரீடர். திரையில் இருக்கிற எழுத்தைக் குரலாக வாசிக்கும் மென்பொருள். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் எழுதத் தொடங்கியது. இலவசம், ஓப்பன் சோர்ஸ், பெரும்பகுதி பைத்தான். நமக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாத வேகத்தில் அதை ஓடவிட்டு அவர் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மவுஸைத் தொடவே இல்லை. டேப் அழுத்தினால் அடுத்த லிங்க் அல்லது அடுத்த பெட்டி, ஹெச் அழுத்தினால் அடுத்த தலைப்பு, பி அழுத்தினால் அடுத்த பட்டன். நாம் ஒரு பக்கத்தைக் கண்ணால் மேய்கிற மாதிரி அவர் விரலால் மேய்கிறார். ஆனால் அதற்கு, பக்கத்தில் தலைப்பு தலைப்பாகவும் பட்டன் பட்டனாகவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கண்ணுக்குத் தலைப்பு மாதிரி தெரிந்தால் மட்டும் போதாது.

லாகின் பக்கம் வந்தது. குரல் "எடிட், பிளாங்க்" என்றது. எதற்கான பெட்டி என்று சொல்லவில்லை. பக்கத்தில் அழகாக ஒரு ஆள் படம் போட்டிருந்தோம், லேபிள் போடவில்லை. அடுத்த பெட்டி பாஸ்வேர்டு என்று அவராகவே ஊகித்துக்கொண்டார். அடுத்தது கேப்ட்சா. கோணல்மாணலான எழுத்து, ஒலி வடிவம் கிடையாது. நான் வாசித்துக் காட்டினேன். "பாத்தீங்களா, இந்த எடத்துல கூடவே ஒரு தம்பி வேணும்" என்றார். பிறகு லாகின் பட்டன். டேப் அழுத்துகிறார், அழுத்துகிறார், அது அங்கே போகவே இல்லை. ஏனென்றால் அது பட்டனே இல்லை. ஒரு டிவ். அதுக்கு நீல நிறம் அடித்து, மூலையை வளைத்து, கிளிக் ஃபங்ஷன் மாட்டியிருந்தோம். அதை எழுதியது நான். மவுஸை எடுத்து நானே கிளிக் பண்ணினேன்.

உள்ளே போனால் முகப்பில் சுற்றுகிற படங்கள். அந்தப் படங்களுக்கு விளக்கமே கொடுக்காததால் குரல் ஃபைல் பெயரை வாசித்தது: "கிராஃபிக், ஐ, எம், ஜி, அண்டர்ஸ்கோர், ரெண்டு, பூஜ்யம்..." ஹெச் அழுத்தினார். "நோ நெக்ஸ்ட் ஹெடிங்." பக்கம் முழுக்க ஒரு தலைப்புகூட இல்லையாம்! நம்ம கண்ணுக்குப் பெரிசு பெரிசாக இருந்ததெல்லாம் வெறும் ஃபாண்ட் சைஸ். தேடல் முடிவுகளிலும் அட்டைப்படம்தான் லிங்க், அதற்கும் பெயர் இல்லை. "லிங்க், லிங்க், லிங்க்" என்று இருபது தடவை சொன்னது. எந்த லிங்கில் எந்தப் புத்தகம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எப்படியோ புத்தகத்தைத் திறந்தோம். இங்கேதான் எங்கள் டீம் இரண்டு வாரம் ராத்திரி முழிச்சுச் செய்த ஃபிளிப்புக் இருக்கிறது. நிஜப் புத்தகம் மாதிரியே பக்கம் மடங்கித் திரும்பும், 'சரக்' என்று சத்தம்கூட வரும். அண்ணன் அம்புக்குறி விசையை அழுத்தினார். சரக். இன்னொரு தடவை. சரக்.

"பக்கம் திரும்புற சத்தம் நல்லா கேக்குது தம்பி. உள்ள என்ன எழுதியிருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. சரி என்று பிடிஎஃப்பை டவுன்லோடு செய்து கொடுத்தேன். 412 பக்கம். திறந்ததும் காலி டாக்குமென்ட் என்று அறிவித்துவிட்டு அமைதியாகிவிட்டது. ஏனென்றால் அதில் ஒரு எழுத்துகூட இல்லை. 412 போட்டோ இருந்தது.

லைப்ரரி இத்தனை ஆயிரம் பக்கம் டிஜிட்டைஸ் ஆகிவிட்டது என்று வருஷ ரிப்போர்ட்டில் எழுதுகிறோமே, உண்மையில் நாம் செய்தது புத்தகத்தைப் படம் எடுத்ததுதான். அலமாரியில் பூட்டியிருந்த புத்தகத்தை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். பார்க்கிறவர்கள் பார்க்கலாம். இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். புராஜெக்ட் ரிப்போர்ட்டில் குரோமின் லைட்ஹவுஸ் டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட் ஒட்டியிருந்தோம். வேகத்துக்கு நல்ல மார்க். அதே படத்தில் பக்கத்திலேயே ஆக்செசிபிலிட்டி மார்க்கும் சிவப்பு வட்டத்தில் இருந்தது. அதை கிராப் பண்ணிவிட்டுத்தான் ஒட்டினோம். வைவாவில் யாரும் கேட்கவில்லை.

தமிழ்ப் பகுதிக்கு இதற்கு மேலே ஒரு தனிச் சாபம் உண்டு. நம்ம தமிழ் மன்றத்தோட பழைய ஆண்டு மலர்கள் ஸ்கேன் இல்லை, டிடிபி கடையில் டைப் செய்த உண்மையான எழுத்து. அதையாவது கேட்கலாம் என்று திறந்தோம். குரல் எம், கே, செமிகோலன், கே, எச் என்று என்னவோ உளறியது. அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. "பாமினியா?" என்றார்.

பாமினி போன்ற பழைய ஃபாண்ட்களில் உள்ளே இருப்பது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகள். மேலே தமிழ் உருவத்தை முகமூடி மாதிரி மாட்டியிருப்பார்கள். 'அம்மா' என்று அச்சில் தெரிவதற்கு அடியில் கம்ப்யூட்டருக்குத் தெரிவது எம், கே, ஒரு செமிகோலன், கே, எச். கண்ணுக்கு அம்மா, காதுக்கு செமிகோலன். கூகுளில் தேடினாலும் கிடைக்காது, காப்பி பேஸ்ட் செய்தாலும் குப்பைதான் வரும். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று அறிவித்தது 2010இல். ஆனாலும் பல டிடிபி கடைகளில் இன்னும் பழைய கீபோர்டு, பழைய ஃபாண்ட். கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. ஃபைலை வாங்கும்போது யூனிகோடில் கொடுங்கண்ணே என்று நாம்தான் கேட்டதில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் தமிழிலேயே இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். உலகத்தின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் பழைய நூல்களை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, வலையேற்றினார்கள். அந்த சைட்டில் ஃபிளிப்புக்கும் இல்லை, சரக்கும் இல்லை. ஆனால் இன்றைக்கும் அண்ணன் மாதிரி ஒருத்தர் சங்க இலக்கியம் கேட்க வேண்டுமென்றால் நேராக அங்கே போகிறார். பிற்பாடு வந்த பெரிய மின்னூலகங்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தோடது உட்பட, எவ்வளவோ அரிய நூல்களைக் காப்பாற்றியிருக்கின்றன. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் அங்கே பெரும்பாலும் இருப்பது பக்கங்களின் படம்தான். பாதிக் கிணறு தாண்டியாச்சு என்றுதான் சொல்ல முடியும்.

இப்போது ஒரு குறுக்கு வழி பிரபலமாகியிருக்கிறது. சைட்டின் மூலையில் சக்கர நாற்காலிப் படம் போட்ட வட்டம். அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும். ஒரே வரி ஸ்கிரிப்ட் போட்டால் சைட் எல்லோருக்குமானதாக மாறிவிடும் என்று விற்கிறார்கள். எங்கள் டீமிலேயே ஒருத்தன் "மச்சி, இதைப் போட்டா முடிஞ்சுது" என்றான். நடக்காது. பெயர் இல்லாத லிங்கைப் பெரிதாக்கினால் பெரிய பெயர் இல்லாத லிங்க், அவ்வளவுதான். போட்டோவுக்குள் மாட்டிக்கொண்ட புத்தகத்தை அந்த வட்டம் வெளியே கொண்டுவராது. அமெரிக்காவில் இப்படி விட்ஜெட் விற்ற ஒரு நிறுவனம், எந்த சைட்டையும் தரத்துக்கு ஏற்றபடி மாற்றிவிடும் என்று மிகைப்படுத்திச் சொன்னதற்காக, 2025இல் அந்த நாட்டு வர்த்தக ஆணையத்துக்கு 10 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது.

இதையெல்லாம் ஹாஸ்டலில் பேசினால் உடனே வருகிற கேள்வி: "நம்ம காலேஜ்ல அப்படி யாருடா இருக்கா?" எனக்கு எரிச்சலூட்டுகிற கேள்வி இது. படி மட்டும் இருக்கிற கட்டடத்தில் நின்றுகொண்டு, வீல்சேர்ல யாருமே வர்றதில்லையே என்று கேட்பதுபோல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் உண்டு. டிஎன்இஏ கவுன்சிலிங்கில் தனி ஒதுக்கீட்டுச் சுற்று நடப்பது நமக்கெல்லாம் தெரியும். சீட் கொடுத்து உள்ளே வரச் சொல்லிவிட்டு செமஸ்டர் கொஸ்டின் பேப்பரை போட்டோவாகக் கொடுத்தால் அது என்ன கணக்கு?

அதோடு, இது பார்வையே இல்லாதவர்களுக்கு மட்டுமான விஷயமும் இல்லை. எங்கள் சைட்டில் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து. ஸ்டைலாக இருக்கும் என்று போட்டது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தபட்சம் 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது டபிள்யூ3சி வகுத்த விதி. நம்மது அதில் பாதிகூட வராது. மைனஸ் எட்டு பவர் போட்டுக்கொண்டு திரையில் மூக்கை ஒட்டிப் படிக்கிற ஒரு ஈசிஇ ஜூனியர், இந்த விஷயம் பரவிய பிறகுதான் என்னிடம் வந்து, "அண்ணா, நானும் அந்த சைட்டை ஒரே ஒரு தடவைதான் தொறந்தேன்" என்றான். பைக்கில் விழுந்து வலது கையில் கட்டுப் போட்டிருந்த என் கிளாஸ்மேட்டுக்கு ஆறு வாரம் மவுஸ் பிடிக்க முடியவில்லை. என்பிடெல் வீடியோவை சப்டைட்டில் இல்லாமல் நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? காது கேட்காதவர்களுக்காக வந்த வசதியில்தான் நாம் அரியர் கிளியர் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த சாக்கு காப்புரிமை. ஸ்கேனை எழுத்தாக மாற்றினால் பதிப்பாளர் கேஸ் போடுவார் என்ற பயம். 2012இல் நம்ம காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதே, மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்தில் ஒரு நூலை மாற்றிக் கொடுப்பது மீறல் ஆகாது என்று பிரிவு 52இல் சேர்த்துவிட்டார்கள். ஊர் முழுக்கத் திறந்துவிடக் கூடாது, தேவைப்படுகிறவருக்குக் கொடுக்கலாம். இதே நோக்கத்துக்கான மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் உலகத்திலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்று மத்திய அரசே இதற்கென ஓர் ஆன்லைன் நூலகம் தொடங்கியது. ஆனால் நம்ம டிபார்ட்மென்ட் லேப் மேனுவலை அங்கே யார் கொண்டுபோய் வைப்பார்கள்? அது நம்ம வேலை.

சட்டமும் இப்போது கெஞ்சுகிற நிலையில் இல்லை. அணுகல் விதிகளை வெறும் பரிந்துரை மாதிரி வைத்திருந்த விதி 15(1) சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டாய விதிகளை உருவாக்க மூன்று மாதம் கெடு வைத்தது. 2025 ஏப்ரலில், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தருகிற வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்றும் தீர்ப்பு வந்துவிட்டது. நோட்டீஸ் வந்த பிறகு அவசரமாக அந்த வட்ட விட்ஜெட்டைத் தேடுவதைவிட இப்போதே ஆரம்பிப்பது நல்லது.

எங்கிருந்து என்றால், முதலில் மவுஸைக் கழற்றி டிராயரில் போடுங்க. உங்க புராஜெக்ட் சைட்டை டேப் கீயை மட்டும் வைத்து முழுசாகப் பயன்படுத்திப் பாருங்க. நாங்கள் முயன்றபோது கர்சர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஏனென்றால் டேப் வைக்கும்போது பெட்டியைச் சுற்றி வருகிற கோடு அசிங்கமாக இருக்கிறது என்று சிஎஸ்எஸ்ஸில் அதையும் நீக்கியிருந்தோம். அப்புறம் என்விடிஏவை டவுன்லோடு பண்ணி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு புத்தகம் தேடுங்க. தமிழ்ப் பக்கத்துக்கு மொழி 'தமிழ்' என்று ஹெச்டிஎம்எல்லில் குறிப்பிட்டிருக்கிறோமா என்று பாருங்க. டெம்ப்ளேட்டோடு வந்த 'ஆங்கிலம்' அப்படியே கிடந்ததால் எங்கள் தமிழ்ப் பக்கங்களை ஆங்கிலக் குரல் வாசிக்க முயன்று திணறிக்கொண்டிருந்தது. இரண்டெழுத்து மாற்றம். ஒரு வருஷமாக யாரும் கவனிக்கவில்லை.

லாகின் பட்டனை நிஜ பட்டனாக மாற்ற எனக்கு ஆன நேரம் ஐந்து நிமிஷம். லேபிள், தலைப்பு, அட்டைப்படத்துக்குப் புத்தகத்தின் பெயர் எல்லாம் சேர்த்து இரண்டு வார இறுதி. உண்மையான வேலை ஃபைல்களில்தான் இருக்கிறது. ஓசிஆர் போடலாம், டெசராக்ட் தமிழையும் படிக்கும். ஆனால் 'ர'வையும் துணைக்காலையும் குழப்பும், 'ன' 'ண' மாறும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்றால் அந்தப் பழைய றா, ணை, லை வடிவங்களில் இன்னும் தடுமாறும். மனுஷக் கண்ணு வேணும். நம்மிடம் அது நிறைய இருக்கிறதே! என்எஸ்எஸ்ஸில் வருஷத்துக்கு 120 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும். கேம்பஸில் ஒரே புல்லை நாலாவது தடவை பிடுங்குவதற்குப் பதிலாக அதில் பாதி நேரத்தைப் பிழை திருத்தத்துக்குக் கொடுத்தால் என்ன? ஒரு ஆள் வாரத்துக்குப் பத்துப் பக்கம் என்றாலே போதும்.

எல்லாமே சுலபம் என்று கதை விட மாட்டேன். எம்3 புத்தகத்தின் சமன்பாடுகளைப் படமாக வைத்தால் ஸ்கிரீன் ரீடருக்கு ஒன்றும் தெரியாது. மேத்எம்எல்லில் எழுதினால் வாசிக்கும், ஆனால் ஒவ்வொன்றையும் மறுபடி எழுத வேண்டும். சர்க்யூட் டயகிராமுக்கு என்ன செய்வது என்று எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. "ஒரு ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட்" என்று விளக்கம் எழுதினால் அது விளக்கமே இல்லை. எந்த முனை எதோடு இணைகிறது என்று வரிசையாக எழுதிப் பார்த்தோம், அரைப் பக்கம் ஆனது. அதைத் தொட்டுணரும் படமாக அச்சிட்டுக் கொடுப்பதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். ஈசிஇ மக்களே, அடுத்த வருஷ புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால் இது சும்மா கிடக்கிறது. ஆரம்பிக்கும் முன்னால் பார்வையற்ற ஒருத்தரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாங்க. அந்த ஏழு ஸ்டாலிலும் யாரும் கேட்டிருக்கவில்லை.

இந்த இதழையும் விட்டுவைக்க மனசில்லை. நம்ம பழைய இதழ்கள் அத்தனையும் டிசைன் அழகாக இருக்க வேண்டுமென்று பக்கம் பக்கமாக ஜேபெக் படமாக ஏற்றியவை. நான் எழுதின ரெண்டு கவிதையும் அதில் இருக்கிறது. (கவிதைகளைப் பொறுத்தவரை அது ஒரு பாதுகாப்புத்தான்.) ஆசிரியர் குழு இந்தப் பத்தியை வெட்டாமல் போட்டால், இந்த இதழிலிருந்தாவது கட்டுரைகள் எழுத்தாகவே வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போதைய நிலவரம்: ஃபிளிப்புக்கை எடுத்துவிட்டோம், டீமில் ஒருத்தன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கேப்ட்சாவை நீக்க அனுமதி கேட்டுக் கொடுத்த லெட்டர் ஏதோ ஒரு டேபிளில் இருக்கிறது. ஆண்டு மலர்களில் மூன்றை யூனிகோடுக்கு மாற்றியாச்சு. அந்த இலக்கிய வரலாற்று நூலில் 412க்கு 96 பக்கம் திருத்தி முடித்து அண்ணனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் போன் பண்ணினார். "தம்பி, 41ஆம் பக்கத்துல 'பரணி'ன்னு வரவேண்டிய எடத்துல 'பானி'ன்னு வருது. மத்தபடி நல்லாருக்கு. மீதி எப்போ?"

தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, மீதி 316 பக்கம். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு லைப்ரரி மேல்மாடியில் உட்காருகிறோம். தமிழ் பிழையில்லாமல் படிக்கத் தெரிந்த யாரும் வரலாம், எந்த டிபார்ட்மென்ட்டாக இருந்தாலும் சரி. லேப்டாப் கொண்டு வாங்க, ஹெட்போனையும் மறந்துடாதீங்க. அங்கே பிளக் பாயிண்ட் ரெண்டுதான் வேலை செய்கிறது, சார்ஜ் போட்டுட்டு வந்தா நல்லது.